“எங்களுக்கு நடந்தபோது எவன் பார்த்தான்?”

கொட்டியாரக்குடா எழுதியது:

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் நடந்த வாக்குவாதம் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அங்கே பேசித் தீராததால் இங்கே எழுதுகிறேன்.

சூடானின் எல்பாஷர் நகரைப் பற்றிய செய்தியை ஒருவர் பகிர்ந்திருந்தார். அந்த நகரம் 2024 மே முதல் 2025 ஒக்டோபர் வரை முற்றுகைக்குள் கிடந்தது. நிலக்கடலையில் எண்ணெய் ஆட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையை, மாட்டுக்குப் போடுகிற புண்ணாக்கை, சனங்கள் தின்று உயிர் பிழைத்தார்கள். கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. இந்தச் செய்திக்குக் கீழே வந்த முதல் பதில்: “எங்களுக்கு நடந்தபோது எவன் பார்த்தான்?” அந்தப் பதிலுக்கு நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். காசா பற்றிப் பகிர்ந்தபோதும் இதே பதில்தான் வந்தது.

அந்தக் கேள்வியில் உள்ள வலி எனக்கும் தெரியும். நான் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் கிபிர் போர்விமானம் குண்டு போட வந்தபோது சின்னப்பிள்ளை. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வளர்ந்தேன். ஊருக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. மா வந்தால் ரொட்டி, மா வராவிட்டால் அம்மா யார் வீட்டுக் கதவையாவது தட்டுவாள். அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவள் என்பதால்தான் அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை.

இரக்கப்பட வேண்டும் என்று மட்டும் நான் சொல்ல வரவில்லை. பட்டினி எப்படி உண்டாக்கப்படுகிறது என்பது எங்களுக்கு அனுபவமாகத் தெரியும். முதலில் பாதையை மூடுவார்கள். பிறகு பாதுகாப்புக் காரணம் என்று லொறியைத் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே இருக்கிற சனத்தின் தொகையைக் குறைத்துச் சொல்வார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, உள்ளே போதுமான உணவு இருக்கிறது என்று அறிக்கை விடுவார்கள். காசா செய்தியைப் பார்க்கிற ஒரு ஐரோப்பியருக்கு இது புதிதாக இருக்கலாம். எங்களுக்குப் புதிதா? பார்த்த உடனேயே இன்னதென்று சொல்லக்கூடிய நாங்களே முகத்தைத் திருப்பினால், வேறு யார் சொல்வது?

2024இல் உலகத்தில் கிட்டத்தட்ட 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன. 2022இல் மட்டும் 105 கோடி தொன் உணவு வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வீணாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்க்கருத்து இருந்தாலும் சொல்லுங்கள்.

•

முல்லை மண் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கைதட்டல்களில் ஒன்று என்னுடையது.

2009இல் வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது நான் மாத்தளனில் இருந்தவன். விதைநெல்லைக் குத்திச் சமைத்தோம். பிறகு கஞ்சி. அரிசி கொஞ்சம், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். பால் விட ஒரு தேங்காய் வாங்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதும் ஷெல் விழுந்தது. விழுந்த பிறகு மிச்ச ஆட்கள் திரும்ப வரிசைக்கு வந்தார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது வேறு வழி இல்லை.

காயப்பட்ட அம்மாவோடு செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் திருகோணமலைக்கு வந்தேன். இறங்கிய அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய், சாப்பாடு கொண்டுவந்த பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, “இங்கே ஒரு தேங்காய் என்ன விலை?” அந்தப் பெண் விலையைச் சொன்னாள். இவள் நம்பவில்லை. திரும்பவும் கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கடல் வழியாக ஒரு நாள் தூரம் கூட இல்லாத இரண்டு இடங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போர் முடிந்து பத்தே நாளில், 2009 மே 27ஆம் திகதி, ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசை மெச்சிய தீர்மானத்துக்கு 29 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை 12. அந்த 29 நாடுகளில் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கிற நாடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாலஸ்தீனத் தலைமை அன்றைய சனாதிபதி மஹிந்தவை நண்பர் என்று கொண்டாடியது. எங்கள் பிள்ளைகள் கஞ்சிக்கு நின்ற காலத்தை யாரும் பஞ்சம் என்று அறிவிக்கவில்லை. அறிவிப்பதற்கு அங்கே அளக்க ஆள் இருக்கவில்லை. 2008 செப்டெம்பரிலேயே ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். போகவேண்டாம் என்று சனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள்.

காசாப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் பார்த்துக் “கவலைப்படு” என்று சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

•

பண்டகசாலை எழுதியது:

முல்லை மண் தம்பிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை இருக்கிறது. அதில் எனக்கு வாதம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை மட்டும் எழுதுகிறேன்.

திருகோணமலையில் நிவாரணச் சாமான் வைக்கிற பண்டகசாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்தேன். அந்த வேலையில் கணக்குத்தான் எல்லாம். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது உலகம் முழுதும் வைத்திருக்கிற அளவு. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ அளவில் வரும். கிராம சேவகர் குடும்ப அட்டைகளைப் பார்த்துத் தலைக்கணக்கு எடுப்பார். அது பிரதேச செயலகம், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், கொழும்பு என்று மேலே போகும். மேலே இருந்து ஒரு தொகை கீழே வரும். மேலே போன தொகையும் கீழே வந்த தொகையும் ஒன்றாக இருந்தால் சனங்கள் சாப்பிடுவார்கள்.

2009 தொடக்கத்தில், வன்னியில் மிஞ்சியிருப்பவர்கள் 70,000 பேர் அளவில்தான் என்று அரசாங்கம் சொன்னது. உள்ளே இருந்த அரச அதிகாரிகளே மூன்று இலட்சத்துக்கு மேல் என்று எழுதி அனுப்பினார்கள். போர் முடிந்து உயிரோடு முகாம்களுக்கு வந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,80,000 பேர். அரைக் கிலோப்படி பெருக்கிப் பாருங்கள். 70,000 பேருக்கு ஒரு நாளைக்கு 35 தொன். 2,80,000 பேருக்கு 140 தொன். இடையில் உள்ள 105 தொன் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு நாளும் இல்லை. எழுதப்பட்ட 35 தொன்னாவது ஒழுங்காகப் போனதா என்றால், அதுவும் போகவில்லை.

பண்டகசாலையில் மூட்டை இறக்கும்போது கொக்கி பட்டுச் சாக்குக் கிழியும். கொட்டிய மாவைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளி, நிறுத்து, சேதப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டு கிலோ மாவுக்கு மூன்று பேர் கையெழுத்து. ஒரு கைப்பிடிகூடக் கணக்கில்லாமல் போகக்கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு, இரண்டு இலட்சம் பேர் கணக்கிலேயே இல்லாமல் போனதைப் பார்த்தேன். அவர்களுக்குப் போகவேண்டிய சாமான் எங்கள் துறைமுகத்தில் இருந்துதான் கப்பல் ஏறியது. சாமான் இருந்தது. கப்பல் இருந்தது. ஏற்ற ஆட்கள் இருந்தார்கள்.

1943இல் வங்காளத்தில் 30 இலட்சம் பேர் வரை செத்தார்கள். அப்போது பத்து வயதுச் சிறுவனாக அதைப் பார்த்தவர் அமர்த்தியா சென். பெரியவரான பிறகு ஆராய்ந்து அவர் காட்டியது இதைத்தான்: அந்த வருடம் வங்காளத்தில் இருந்த உணவு, பஞ்சம் இல்லாத வேறொரு வருடத்தில் இருந்ததைவிடக் குறையவில்லை. விலை ஏறியது, கூலிக்காரனுக்கும் மீன்பிடிகாரனுக்கும் வாங்கக் காசில்லை. பர்மா ஜப்பான்காரன் கையில் விழுந்ததால் அங்கிருந்து அரிசி வருவது நின்றது உண்மை. எங்கள் இலங்கைக்கும் அதே பர்மா அரிசிதான் வந்துகொண்டிருந்தது; இங்கேயும் நின்றது. ஆனால் இங்கே சிங்கப்பூர் விழுந்த பிறகு திருகோணமலை பிரித்தானியக் கடற்படைக்கு வேண்டிய இடம். இலங்கையில் கூப்பனும் பங்கீடும் கொண்டுவந்தார்கள். வங்காளத்துக் கிராமங்களுக்கு அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பேரரசுக்கு யார் தேவையோ அவர்களுக்குச் சாப்பாடு. என் தகப்பனார் அந்தக் கூப்பன் அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்.

பஞ்சம் என்று அறிவிப்பதற்கும் கணக்கு உண்டு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடே இல்லாத நிலை. நூற்றில் 30 பிள்ளைகள் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். 10,000 பேருக்கு ஒரு நாளில் இரண்டு பேர் பசியாலோ அதோடு வரும் நோயாலோ சாக வேண்டும். சோமாலியாவில் 2011இல் அறிவிக்க முன்பே பல ஆயிரம் பிள்ளைகள் போய்விட்டார்கள். காசாவில் 2025 ஓகஸ்டில்தான் அறிவித்தார்கள். அளக்க விடாவிட்டால் அறிவிக்கவும் முடியாது. தம்பி சொன்னது சரி, மாத்தளனில் அளக்க ஆள் இருக்கவில்லை. அதனால்தான் இன்று அளக்கிற ஆட்களை உள்ளே விடு என்று கத்துகிறவர்களோடு சேர்ந்து கத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

•

தோப்பூரான் எழுதியது:

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். மனம் கனத்துப்போனது. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் பசியைப் பற்றிக் கதைக்கும்போது ஒவ்வொருவரும் தன்னுடைய பசியில் இருந்து தொடங்கித் தன்னுடைய பசியிலேயே முடிக்கிறோம். இந்த மாவட்டத்திலேயே பக்கத்து ஊர்க்காரனின் பசி எங்களுக்குத் தெரியாது.

2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவைப் பூட்டியது புலிகள். அந்தத் தண்ணீரில் வேளாண்மை செய்தவர்கள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும். எங்கள் வயலும் அதில் இருந்தது. பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் வாய்க்கால் காய்ந்தது. அதற்குப் பின்னால் என்ன கோரிக்கை இருந்தது, யார் முதலில் என்ன செய்தார்கள் என்ற வாதம் எல்லாம் எனக்குத் தெரியும். வாய்க்காலைப் பூட்டுவதும் லொறியை மறிப்பதும் ஒரே வேலை.

ஓகஸ்டில் சண்டை மூதூருக்கு வந்தது. ஒரு பக்கம் புலிகள், மறு பக்கம் இராணுவத்தின் ஷெல். பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் சனம். தண்ணீர்கூட இல்லை. பிறகு எல்லாரும் கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். வழியில் கிறாந்திமுனையில் புலிகள் மறித்து ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். என் வாப்பா அந்த வரிசையில் நின்றார். கந்தளாய்ப் பாடசாலை ஒன்றில் எங்களுக்கு முதல் சோற்றுப் பார்சல் தந்தவர் ஒரு சிங்கள மனுசி. அவர்களுடைய வயலும் அந்தப் போகம் காய்ந்துபோயிருந்தது.

அதே நாட்களில், ஓகஸ்ட் 4ஆம் திகதி, மூதூரில் 17 தொண்டு ஊழியர்களைத் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வேலை செய்த பிரெஞ்சு நிறுவனம் பட்டினிக்கு எதிராகப் பாடுபடுவது. சுனாமியில் அழிந்த கிணறுகளைத் திருத்திக் கொடுத்தவர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அரச படைகள்தான் செய்தன என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. காசாவில் சமையல் கூடம் நடத்திய தொண்டர்களை 2024இல் கொன்றபோது உலகம் முழுதும் ஒரு வாரம் கதைத்தது. மூதூர்ப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் மாவட்டத்து இளம் ஆட்களுக்கே தெரியாது.

முல்லை மண் தம்பி, பாலஸ்தீனத் தலைமை செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சம்பூரில் குண்டு போட்ட கிபிர் இஸ்ரேலில் செய்தது. அரசாங்கங்கள் ஒன்றோடொன்று கைகுலுக்கும். காசாவில் வெறும் சட்டியோடு நிற்கிற பிள்ளை எந்த வாக்கெடுப்பிலும் கை தூக்கவில்லை.

•

முல்லை மண் எழுதியது:

நானா, கிறாந்திமுனையை நான் கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் அங்கே நின்ற ஒருவரின் பிள்ளை சொல்லிக் கேட்டதில்லை. வாப்பா வந்து சேர்ந்தாரா?

•

தோப்பூரான் எழுதியது:

வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். எல்லார் வீட்டிலும் அப்படி இல்லை.

•

திருக்கடலூர் எழுதியது:

நான் கடல் தொழில் செய்கிற வீட்டுப் பையன். போர்க் காலத்தில் சின்னவன். எனக்குப் பசி என்றால் 2022தான்.

எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அந்த வருடம் சனவரியில்தான் அதை யார் யார் வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அதே குடாவில் கோதுமை மா அரைக்கிற பெரிய ஆலை. வெளிநாட்டுக் கோதுமைக் கப்பல் எங்கள் கண் முன்னால்தான் வந்து கட்டும். சுற்றிவரக் கடல், கடலில் மீன். இவ்வளவும் இருக்கிற ஊரில் நாங்கள் மண்ணெண்ணெய் வரிசையில் கேனை வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றோம். ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. எங்கள் படகு என்ஜின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு தடவை கடலுக்குப் போய்வருகிற செலவுக்கு மீன் விற்றுக் கட்டாது. அதனால் படகைக் கரையில் ஏற்றினோம். மீனவன் வீட்டில் மீன் இல்லை. சந்தையில் இருந்த கொஞ்ச மீனின் விலையைக் கேட்டால் கூலிக்காரன் கையை எடுத்துவிடுவான்.

செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 95 வீதம் ஏறியிருந்தது. நாட்டில் 63 இலட்சம் பேருக்குச் சரியான சாப்பாடு இல்லை என்று ஐ.நா. சொன்னது. என் தங்கச்சியின் வகுப்பில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். டீச்சர் மேசை லாச்சிக்குள் குளுக்கோஸ் பக்கற் வைத்திருந்தா, சொந்தக் காசில். அது முடிந்த பிறகு சீனித் தண்ணீர்.

அந்த மே மாதம், பதவி விலகிய பிரதமர் மஹிந்தவைப் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்து வைத்ததும் எங்கள் ஊர்க் கடற்படை முகாமில்தான். வாசலில் சனம் கூடிச் சத்தம் போட்டது. நானும் நின்றேன். தமிழன், சோனகன், சிங்களவன் எல்லாரும் அன்று ஒரே வரிசை ஆட்கள்தான்.

பண்டகசாலை ஐயா சொன்ன பட்டியல் கதை இப்போதும் நடக்கிறது. 2023இல் சமுர்த்தி என்ற அரசாங்க உதவிப்பணத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது எங்கள் தெருவில் கணவன் இல்லாத இரண்டு பெண்களின் பெயர் இல்லை. வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, என்ன கூரை என்று புள்ளி போட்டார்களாம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஓட்டுக் கூரை. அதுவும் ஒரு காரணமோ என்று அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். முறையீடு எழுதிக் கொடுத்தோம். ஒருவருக்குக் கிடைத்தது.

•

ஸ்காபரோ எழுதியது:

தம்பி 2022 பற்றி எழுதியதை வாசித்தபிறகு நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. உப்புவெளியில் பிறந்தேன், கனடா வந்து முப்பது வருடத்துக்கு மேல்.

அந்த வருடம் என் அக்கா வீட்டில் யாரும் பசித்திருக்கவில்லை. ரூபா விழுந்ததால் நான் அனுப்பிய அதே டொலருக்கு அவர்களுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. பெட்டியில் பால்மா, பருப்பு, மருந்து எல்லாம் போட்டு அனுப்பினேன். அக்கா வீட்டு வேலிக்கு அடுத்த பக்கம் இருந்த குடும்பத்தில் வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. அவர்கள் ஒரு நேரம் சாப்பிட்டார்கள். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கோயில். 83 கலவரத்துக்குப் பிறகு யாருக்கு விமானச் சீட்டு வாங்கக் காணி விற்க முடிந்தது, யாருக்கு விற்கக் காணியே இருக்கவில்லை என்பது நாற்பது வருடம் கழித்துச் சட்டியில் தெரிந்தது.

உலக ஏற்றத்தாழ்வு என்று பெரிய மாநாடுகளில் கதைப்பார்கள். உலகத்தின் செல்வத்தில் முக்கால் பங்கு மேல்தட்டுப் பத்து வீதம் ஆட்களின் கையில் என்பார்கள். எனக்கு அது அந்த வேலியாகத்தான் விளங்குகிறது. அக்கா வேலிக்கு மேலால் கொடுத்தா. ஆனால் கொடுப்பவருக்கு மனம் இருந்தால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிடும் என்ற நிலையே அநியாயம். 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தை இழுத்து மூடியபோது சூடானில் சனங்கள் தாங்களே நடத்திய பொதுச் சமையல் கூடங்கள் நூற்றுக்கணக்கில் நின்றுபோயின. கொடுக்கிறவன் மனம் மாறியது, அடுப்பு அணைந்தது.

அப்புறம் ஒன்று. ஒட்டாவாவில் காசாவுக்காக நடந்த ஊர்வலத்தில் எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதிய பதாகையோடு நின்றார்கள். 2009இல் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி டொரொண்டோ நெடுஞ்சாலையில் நாங்கள் உட்கார்ந்தபோது கூட வந்து உட்கார்ந்தவர்களில் பாலஸ்தீனப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. நாங்கள் எழும்பும்வரை இருந்தாள். எவன் பார்த்தான் என்று கேட்டால், அவள் பார்த்தாள் என்று நான் சொல்வேன்.

•

பண்டகசாலை எழுதியது:

ஸ்காபரோத் தங்கச்சி எழுதிய வேலி எனக்கு 1974ஐ ஞாபகப்படுத்துகிறது. உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் விலை ஏறி, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாத காலம். விடிய முன்பே சங்கக்கடை வாசலில் பாணுக்கு வரிசை. மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுச் சாப்பிட்டு அந்த வாசனையே எனக்கு இப்போதும் ஒத்துக்கொள்ளாது. ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோனால் வழியில் பறித்துவிடுவார்கள்.

அதே காலத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவதை நிறுத்தியதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் நன்றாக உழைத்தார்கள். அந்தப் பொற்காலத்தை இன்றைக்கும் சொல்லிச் சந்தோசப்படுவார்கள். மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களோ பட்டினியாலும் வயிற்றோட்டத்தாலும் செத்தார்கள். கூலி உயரவில்லை, வாங்க மா இல்லை, குத்தகைக்குக்கூட ஒரு துண்டு நிலம் இல்லை. பிழைத்தவர்களில் சிலர் 77 கலவரத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்து ஓரங்களில் வந்து குடியேறினார்கள். ஒரே மொழி பேசுகிற சனம்தான். ஒரே சட்டம் ஒரு பகுதிக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தது, இன்னொரு பகுதிக்குப் புதைகுழி. தமிழர் அனுபவித்த பசி என்று எழுதும்போது முதலில் எழுதவேண்டிய பக்கம் அது. அதை நாங்கள் எழுதவே இல்லை.

•

கொட்டியாரக்குடா எழுதியது:

இவ்வளவு விசயங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. இரண்டு விசயம் சொல்கிறேன்.

முல்லை மண் அண்ணா, உங்களைக் கவலைப்படு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். ஒன்றை மட்டும் யோசியுங்கள். 2009இல் உணவை ஆயுதமாக்குவதைத் தனியாக எடுத்துக் கண்டித்த பாதுகாப்புச் சபைத் தீர்மானம் ஒன்று கூட இருக்கவில்லை. 2018இல் 2417ஆம் தீர்மானம் வந்தது. 2024 நவம்பரில் பட்டினியைப் போர் முறையாகப் பாவித்த குற்றத்துக்காக இஸ்ரேல் பிரதமர் மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது. அது நிறைவேறுமா என்பது வேறு கதை. இலங்கை அந்த நீதிமன்றத்தில் சேரவும் இல்லை. ஆனாலும் பட்டினி போடுவது குற்றம் என்று ஒரு இடத்தில் நிலைநாட்டப்பட்டால், அதே அளவுகோலை மாத்தளனுக்கும் வைத்துக் கேட்கலாம். அவர்களுடைய வழக்கு எங்களுடைய வழக்குக்கும் உதவும்.

அடுத்தது, எங்கள் ஊர். 2024 மே மாதம் சம்பூர் பொலிஸ் பிரிவில், 2009இல் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக நான்கு பேரைக் கைது செய்தார்கள். அதில் மூன்று பேர் பெண்கள். அரிசியும் உப்பும் போட்ட கஞ்சி. அதைக் காய்ச்சினால் பயப்படுகிறார்கள் என்றால், அதில் இருக்கிற கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய நிவாரண அட்டை, அரிசிக் கூப்பன், முகாம் பதிவுத் துண்டு வைத்திருக்கிறவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடம், எந்த முகாம், எத்தனை பேருக்குப் பதிவு, வீட்டில் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள், என்ன கிடைத்தது. பெயரை மறைத்துவிடுவோம். 1974 கூப்பனும் வேண்டும், 1990இல் கிளப்பன்பேர்க், அலஸ்தோட்டம் முகாம்களில் இருந்தவர்களின் அட்டையும் வேண்டும், 2006இல் கந்தளாயில் கொடுத்த துண்டும் வேண்டும். தமிழர் அட்டை, முஸ்லிம்கள் அட்டை, சிங்களவர் அட்டை என்று பிரிக்காமல் வருட ஒழுங்கில் வைப்போம்.

•

முல்லை மண் எழுதியது:

கைதட்டலை நான் திரும்ப எடுக்கவில்லை, தங்கச்சி. ஜெனீவாவில் கை தூக்கியவர்களிடம் அந்தக் கேள்வியை நான் சாகும்வரை கேட்பேன். எல்பாஷர்க்காரரிடம் கேட்கக்கூடாது என்பது விளங்குகிறது. ஸ்காபரோ அக்கா சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ என்றா.

அட்டை என்னிடம் இல்லை, அங்கே அட்டை கொடுக்க யாரும் இல்லை. கப்பலில் ஏறும்போது அம்மாவின் கையில் கட்டிய துண்டு இருக்கிறது. இலக்கம் அழிந்துவிட்டது. அது உதவுமா?

•

கொட்டியாரக்குடா எழுதியது:

உதவும் அண்ணா. அழிந்த இலக்கத்தை அழிந்தபடியே படம் எடுங்கள். எந்தத் திகதியில் ஏறினீர்கள் என்று அம்மாவுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். கடைசிக் கப்பல் மே 9 என்பதால் அதற்கு முன் எந்தக் கிழமை என்று பண்டகசாலை ஐயாவோடு சேர்ந்து பார்க்கலாம்.

•

தோப்பூரான் எழுதியது:

கந்தளாய்த் துண்டு எங்கள் வீட்டில் இல்லை, சாச்சி வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கேட்டு வாங்குகிறேன். கந்தளாயில் அந்த மனுசியின் மகன் இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறான். 2006 போகம் காய்ந்த வயலுக்கு நட்டஈட்டு விண்ணப்பம் எழுதினார்களா, பிரதி ஏதும் வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். சிங்களத்தில் இருக்கும். வாசித்துத் தமிழில் எழுத ஒருவர் வேண்டும்.

•

திருக்கடலூர் எழுதியது:

நான் வாசிப்பேன் நானா. அனுப்புங்கள்.